டூட்டி மாறுற நேரத்துல நோயாளி யார் கையில இருக்காரு? ஆஸ்பத்திரி டீம்வொர்க் பத்தி ஒரு எளிய விளக்கம்

"காலையில வந்த பெரிய டாக்டரு நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு சொன்னாக, மத்தியானம் வந்த சின்ன டாக்டரு இன்னும் மூணு நாள் இருக்கணும்ங்குறாக, சிஸ்டரக் கேட்டா கேஸ் ஷீட்ல ஒன்னும் எழுதலையேம்மாங்குது, நாங்க யாரத்தான் நம்புறது?"

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஸ்டாஃப் நர்ஸா 11 வருஷம் ஓட்டியாச்சு, நோயாளி கூட இருக்கிறவங்க வாயிலேருந்து இந்தக் கேள்வி என் காதுல விழாத வாரமே கிடையாது. கேக்குறவங்க டாக்டருக்கு வேலை தெரியலன்னு சொல்ல வரல. ரெண்டு டாக்டருக்கும் வேலை தெரியும், அந்த சிஸ்டருக்கும் தெரியும், ஆனா மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல, அதுதான் அங்க கோளாறு. மருத்துவத்துல டீம்வொர்க்குன்னு சொல்றது இந்தப் பேச்சைத்தான். எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கிறது, பொங்கலுக்கு ஒரே கலர் சேலை எடுக்கிறது எல்லாம் நல்லதுதான், ஆனா அது வேற. ரொம்ப ஒத்துமையா இருக்கிற வார்டுலயும் மருந்து மாறிப் போயிருக்கு, மூஞ்சி குடுத்துப் பேசாத ரெண்டு பேர் சரியா ஓவர் (டூட்டி மாறும்போது நோயாளி விவரத்தைச் சொல்லி ஒப்படைக்கிறது) குடுத்து எடுத்ததுனால ஒரு உசுரு பொழைச்சிருக்கு. ரெண்டையும் பாத்திருக்கேன்.

முதல்ல ஒரு நோயாளிய ஒரு நாளைக்கு எத்தனை பேர் தொடுறாங்கன்னு எண்ணிப் பாருங்க. ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர், டூட்டி டாக்டர், மூணு ஷிஃப்ட் நர்ஸ், ரத்தம் எடுக்க வர்ற லேப் டெக்னீஷியன், பார்மசி ஆளு, எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போற வார்டு பாய், பெட்ஷீட் மாத்துற ஆயாம்மா, சாப்பாடு குடுக்குறவங்க, அதுக்கு மேல கூட இருக்கிற பொண்டாட்டியோ மகளோ. பத்து பேரு சாதாரணமா வந்துரும். பத்து பேரும் அவங்கவங்க பாத்ததை மட்டும் தலையில வச்சிருப்பாங்க, முழு ஆளப் பத்தின முழுக்கதை யார்கிட்டயும் இருக்காது. அமெரிக்காவுல இதுக்குன்னே தனியா ஒரு டாக்டர் வகை உண்டாச்சு, வெளி கிளினிக் பாக்காம ஆஸ்பத்திரிக்குள்ள படுத்திருக்கிறவங்கள மட்டும் பாக்குற டாக்டரு, 'ஹாஸ்பிடலிஸ்ட்'ன்னு அவங்களுக்குப் பேரு, அந்தப் பேர 1996ல ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மன்ங்குற ரெண்டு டாக்டர்கள் ஒரு கட்டுரையில வச்சாங்க. நம்ம ஊர்ல ராத்திரி டூட்டி டாக்டரும் வார்டு சிஸ்டரும்தான் கிட்டத்தட்ட அந்த வேலையப் பாக்குறது, பேருதான் யாரும் வைக்கல.

சரி, எங்க வழுக்குது? பெரும்பாலும் ஒரு கை இன்னொரு கைக்கு மாத்துற இடத்துல. ஷிஃப்ட் மாறும்போது, வார்டுலேருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது, இங்கேருந்து மதுரைக்கு ரெஃபர் பண்ணும்போது. விசைப்படகுல ராத்திரி டிரைவர் மாறுறத நினைச்சுக்கங்க, வீல வாங்குறவன் சும்மா வாங்க மாட்டான், மடி (இழுவலை) எவ்வளவு நேரமா இறங்கிக் கெடக்கு, நீவாடு (நீரோட்டம்) எங்குட்டு ஓடுது, கிட்டக்க வேற படகு லைட்டு தெரியுதான்னு கேட்டுட்டுத்தான் வாங்குவான், கேக்காம வாங்குனா அடுத்த படகு மடியில போய்ச் சிக்கும். எங்கப்பா படகு டிரைவர்தான், நான் ஆஸ்பத்திரியில முதல் வருஷம் ஓவர் எடுத்த லட்சணத்தைச் சொன்னப்ப "நீ எங்கூட கடலுக்கு வந்தா நான் இறக்கி விட்டுருவேன்"னாரு.

அவரு சொன்னது சரிதான்னு எனக்குப் புரிஞ்ச நாளைச் சொல்றேன், தப்புல என் பங்கும் இருக்கு. அப்ப நான் வேற ஒரு ஆஸ்பத்திரியில இருந்தேன், நைட் டூட்டி, ஒன்பதாம் பெட்ல ஒரு பெரியவர், வயசு 60 சொச்சம், அவரும் படகு ஓட்டுனவர், ஹெர்னியா ஆபரேஷனுக்கு அட்மிட் ஆயிருந்தாரு, சுகர் உண்டு. சாயங்காலம் சர்ஜன் வந்து ஈவ்னிங் சிஸ்டர்கிட்ட வாயால சொல்லிட்டுப் போயிட்டாரு, நாளைக்கு முதல் கேஸ் இவருதான், ராத்திரி பத்து மணிக்கு மேல ஒன்னும் குடுக்காதீங்க, காலை இன்சுலின் வேணாம்னு. சிஸ்டர் எனக்கு ஓவர் குடுக்கும்போது, அந்நேரம் பாத்து ஒரு ஆக்சிடென்ட் கேஸ் உள்ள வருது, வார்டே கலகலத்துப் போய்க் கிடக்கு, "ஒன்பதாம் பெட்டு நாளைக்குக் கேஸ், வெறும் வயிறு"ன்னு மட்டும் சொல்லிட்டு ஓடிட்டாங்க. இன்சுலின் பேச்சு அதுல விட்டுப்போச்சு. சார்ட்டுல பழைய வரி அப்படியே இருக்கு, காலை 14 யூனிட்டுன்னு. யாரும் அடிக்கல. ராத்திரி பூரா ஓடி, காலை ஏழு மணிக்குக் கண்ணு எரிய எரிய நான் சார்ட்டப் பாத்து 14 யூனிட்டையும் போட்டுட்டேன். வெறும் வயித்துல இருக்கிற ஆளுக்கு இன்சுலின் போடுறோமேன்னு எனக்குத் தோணியிருக்கணும், தோணல.

எட்டு மணிக்கு ஆபரேஷன் ஆரம்பிச்சு குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏத்தியிருந்தா ஒருவேளை அது தெரியாமலே போயிருக்கும். அன்னைக்குப் பாத்து அவசர சிசேரியன் ஒன்னு தியேட்டருக்குள்ள போயிருச்சு, இவரு கேஸு தள்ளிப்போச்சு. ஒன்பதரை மணி வாக்குல அவரு சம்சாரம் டெஸ்க்குக்கு வந்து, நான் வீட்டுக்குக் கிளம்ப பையத் தூக்கிட்டேன், "எம்மா, இவுக எந்திரிச்சதுலேருந்து மடிய இழுங்கடா மடிய இழுங்கடான்னுக்கிட்டே இருக்காக, ராத்திரி நல்லாத்தான இருந்தாக"ன்னாங்க. டே சிஸ்டர் ஒருத்தங்க "பயத்துல அப்படித்தான் பேசுவாங்க"ன்னு சொன்னாங்க. நான் போய்க் கையத் தொட்டேன், சில்லுன்னு வேர்வையில நனைஞ்சு கெடக்கு, பனியன் முதுகோட ஒட்டிப்போயிருக்கு. குளுக்கோமீட்டர்ல 46. 70க்குக் கீழ போனாலே தாழ்சர்க்கரைதான், 46ன்னா மூளைக்குத் தீனி பத்தல, அதான் கடலுக்குப் போயிட்டாரு. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நரம்புல ஏத்தி ஒரு பத்து நிமிஷத்துல முழிச்சு என்னைப் பாத்து "என்னத்தா, ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?"ன்னாரு.

அப்புறம் நடந்த விசாரணைதான் இன்னும் கொடுமை. யார் தப்பு யார் தப்புன்னே ஒரு மணி நேரம். சர்ஜன் "நான் சொன்னேன்"ங்குறாரு, சொன்னது உண்மை. ஈவ்னிங் சிஸ்டர் "வெறும் வயிறுன்னு சொன்னேன்"ங்குறாங்க, அதுவும் உண்மை. நான் "சார்ட்ல இருந்துச்சு"ங்குறேன், அதுவும் உண்மை. மூணு உண்மையும் சேந்து ஒருத்தர் உயிரோட விளையாடியிருக்கு. எனக்கு மெமோ குடுத்தாங்க, ஈவ்னிங் சிஸ்டரும் நானும் ஒரு மாசம் பேசிக்கல, ஆனா சார்ட்டு எழுதுற முறைய யாரும் மாத்தல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல. எவன் மாட்டுவான்னு தேடுனா அடுத்த தடவ எல்லாரும் தப்பை மறைக்கத்தான் பாப்பாங்க, எந்த இடத்துல வழுக்குச்சுன்னு தேடுனாத்தான் அந்த இடத்துல மண்ணு போட முடியும். இப்ப நான் வேலை பாக்குற இடத்துல ஓவர் குடுக்கிறது டெஸ்க்ல உக்காந்து இல்ல, ரெண்டு பேரும் சார்ட்டக் கையில வச்சுக்கிட்டு பெட் பெட்டா நடந்து குடுக்கணும், நாளைக்குக் கேஸுன்னா அந்த இன்சுலின் வரிய டாக்டரே சிவப்பு மையில அடிச்சுக் கையெழுத்துப் போடணும், போடலன்னா ஈவ்னிங் சிஸ்டர் அவர விடமாட்டாங்க. ஓவர் நடக்குற அந்த இருபது நிமிஷம் யாரும் குறுக்க வந்து பேசக்கூடாது, அவசரக் கேஸத் தவிர. அமெரிக்கா, கனடாவுல ஒன்பது குழந்தைகள் ஆஸ்பத்திரிகள்ல டாக்டர்கள் ஓவர் குடுக்கிறத ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து அளந்து பாத்தாங்க, 2014ல வெளியான ஆய்வு அது, மருத்துவத் தப்புகள் 23 சதவீதம், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைஞ்சிருக்கு. புது மெஷின் ஏதும் வாங்காம, ஓவர் குடுக்குற விதத்த மாத்தி மட்டும்.

அடுத்தது போன்ல பேசுறது. ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர எழுப்புறது எவ்வளவு பெரிய வித்தைன்னு நர்ஸுக்குத்தான் தெரியும். புதுசா வந்த பிள்ளைங்க பேசுறது இப்படி இருக்கும்: "சார், மூணாம் பெட்டு ஆத்தா ஒரு மாதிரியா இருக்காங்க சார், காய்ச்சல் இருக்கு சார், காலெல்லாம் வீங்கிருக்கு சார், அவங்க மகளும் வந்து கேக்குறாங்க சார்..." அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்துல "பாராசிட்டமால் குடும்மா, காலைல வந்து பாக்குறேன்"னு வரும். டாக்டர் மேல கோபப்பட்டுப் பிரயோஜனமில்ல, அவருக்குக் கெடைச்ச தகவலுக்கு அந்தப் பதில்தான் வரும்.

இதுக்கு உலகம் பூரா ஒரு நாலு படி முறை இருக்கு, எஸ்பாருன்னு (SBAR) சொல்லுவாங்க. அமெரிக்கக் கடற்படையில அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்ல அவசரமா தகவல் சொல்ற பழக்கத்துலேருந்து எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தது. கடல்லேருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு பெருமை, எங்கப்பாகிட்டயும் சொன்னேன், அவரு கண்டுக்கல. நாலு படியும் இதுதான்: இப்ப என்ன நடக்குது, இதுக்கு முன்கதை என்ன, எனக்கு என்னன்னு தோணுது, உங்ககிட்டேருந்து எனக்கு என்ன வேணும். அதே ஆத்தாவ அதே ராத்திரி ரெண்டு மணிக்கு இப்படிச் சொல்லிப் பாருங்க:

"சார், நான் மெடிக்கல் வார்டு நைட் சிஸ்டர் பேசுறேன். மூணாம் பெட்டு பாட்டி, வயசு 64, கடல்பாசி எடுக்கப் போயி பாறையில கால் கிழிச்சு நேத்து அட்மிட் ஆனாங்க, சுகர் இருக்கு. இப்ப பல்ஸ் 112, மூச்சு நிமிஷத்துக்கு 22, பிபி மேல 104, காய்ச்சல் 101, ஆக்சிஜன் 95. நேத்து சாயங்காலம் பிபி 130 இருந்துச்சு. ராத்திரியிலேருந்து ஒன்னுக்குப் போகல. எனக்கு புண்ணுலேருந்து ரத்தத்துக்கு இன்ஃபெக்‌ஷன் ஏறுதோன்னு தோணுது சார். நீங்க இப்ப வந்து பாக்கணும், நீங்க வர்றதுக்குள்ள ட்ரிப்ஸ் ஆரம்பிக்கவா, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து வைக்கவா?"

அரை நிமிஷம் ஆகாது. இதக் கேட்டுட்டு எந்த டாக்டரும் திரும்பிப் படுக்க மாட்டாரு. நாலுல மூணாவதும் நாலாவதும்தான் நம்ம ஊர்ல கஷ்டம், "எனக்குத் தோணுது"ன்னு ஒரு நர்ஸ் டாக்டர்கிட்ட சொல்றது அதிகப்பிரசங்கித்தனம்னு நெனைக்கிறவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. நெனைச்சுக்கட்டும். பாட்டிய ராத்திரி பூரா பாத்துக்கிட்டிருந்தது நர்ஸுதான்.

அந்த "ஒன்னுக்குப் போகல"ங்குற தகவல் எப்படிக் கெடைச்சுச்சுன்னு நெனைக்கிறீங்க? ஆயாம்மா சொன்னது. பெட்பேன் எடுத்து வைக்கிறவங்க அவங்கதான, "மூணாம் பெட்டு ராத்திரி பூரா பேனே கேக்கலத்தா"ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போனாங்க. கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையுதுங்குறதுக்கு அது ஒரு முக்கியமான அறிகுறி, மானிட்டர் கத்துறதுக்கு முன்னாடியே ஆயாம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு. அதனாலதான் காலையில நின்னபடியே அஞ்சு நிமிஷம் கூடிப் பேசும்போது ஆயாம்மாவையும் வார்டு பாயையும் கூப்பிடணும்னு நான் சண்டை போடுறது. அவங்கள விட்டுட்டு நடத்துறதுக்கு டீம்னு பேரு எதுக்கு?

இப்ப அந்த நம்பருங்களைத் திரும்பப் பாருங்க. பல்ஸ் 112, மூச்சு 22, பிபி 104, காய்ச்சல் 101, ஆக்சிஜன் 95. தனித்தனியா பாத்தா ஒன்னும் தலை போற மாதிரி தெரியாது, காய்ச்சல்காரங்களுக்கு இப்படித்தான இருக்கும்னு போயிரலாம். பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துறாங்கல்ல, 1ஆம் நம்பர் ஏத்துனா தூரக் கடல்ல ஏதோ உருவாயிருக்குன்னு அர்த்தம், நம்பர் கூடக் கூட ஆபத்து கூடுதுன்னு பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கும் தெரியும், காத்தோட வேகத்தை யாரும் கணக்குப் போட்டுக்கிட்டு உக்கார வேணாம். அந்த மாதிரி நோயாளிக்கும் ஒரு கூண்டு நம்பர் உண்டு. இங்கிலாந்துல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல கொண்டாந்தாங்க, 2017ல திருத்துனாங்க, சுருக்கமா நியூஸ் (NEWS) ஸ்கோரும்பாங்க. மூச்சு, ஆக்சிஜன், பிபி, பல்ஸ், நினைவு, காய்ச்சல், இந்த ஆறுக்கும் சாதாரணம்னா 0, கொஞ்சம் விலகுனா 1, 2, ரொம்ப விலகுனா 3, ஆக்சிஜன் வச்சிருந்தா அதுக்குத் தனியா 2. பாட்டிக்குப் போட்டுப் பாப்போம். மூச்சு 22க்கு 2. ஆக்சிஜன் 95க்கு 1. பிபி 104க்கு 1. பல்ஸ் 112க்கு 2. காய்ச்சல் 101க்கு 1. தெளிவாப் பேசுறாங்க, அதுக்கு 0. கூட்டுனா 7. அஞ்சு வந்தாலே டாக்டர் அவசரமா பாக்கணும், 7ன்னா எமர்ஜென்சி. தனித்தனியா ஒன்னுமில்லாத அஞ்சு நம்பர் சேந்து கூண்டு ஏத்திருச்சு. இதுல இன்னொரு நல்லது என்னன்னா நேத்து சேந்த நர்ஸும் பெரிய டாக்டர்கிட்ட "சார் ஸ்கோர் 7"ன்னு சொல்லலாம், அது அவ அபிப்பிராயம் கிடையாது, கணக்கு. தைரியம் பத்தாதவங்களுக்கு நம்பர் ஒரு ஊன்றுகோல்.

போன்ல டாக்டர் சொல்றத வாங்குறதுக்கும் ஒரு பழக்கம் இருக்கு, திரும்பச் சொல்றது. கடல்ல விஎச்எஃப் வயர்லெஸ்ல நம்பர் வாங்குனா திரும்பச் சொல்லாம விடமாட்டாங்க, இரைச்சல் அப்படி. வார்டுலயும் இரைச்சல்தான். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போன்ல ஒன்னு மாதிரியே கேக்கும், ஒன்னு 15 இன்னொன்னு 50, மூணு மடங்குக்கு மேல. "ஒன்னு அஞ்சு, பதினஞ்சு மில்லிகிராம், நரம்புல, இப்பவே, சரியா சார்?"னு நாம கேக்கணும், "சரி"ன்னு அவரு சொல்லணும், அதுக்கப்புறம்தான் ஊசியத் தொடணும். நான் சொன்னேன், அவ கேட்டா, அவ திரும்பச் சொன்னா, நான் ஆமான்னேன், இந்த நாலும் முடிஞ்சாத்தான் ஒரு பேச்சு முடிஞ்சதா கணக்கு. எழுத்துலயும் இதே வம்பு உண்டு. இன்சுலின் யூனிட்ட சுருக்கி நம்பருக்குப் பக்கத்துல ஆங்கில 'யூ' எழுத்து போடுவாங்க, அவசரத்துல அது முட்டை மாதிரி விழும், 10 யூனிட்டு 100 ஆயிரும். யூனிட்டுன்னு முழுசா எழுதுங்கன்னு உலகம் பூரா கதறுறாங்க, இன்னும் முட்டை போடுறவங்க இருக்காங்க.

பேரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிடுறேன். எங்க பக்கம் ஒரு வார்டுல ரெண்டு முனியசாமி, ரெண்டு காளியம்மா இல்லாம இருக்கவே இருக்காது. "நீங்கதான முனியசாமி?"ன்னு கேட்டா காது கேக்காத தாத்தா, தூக்கத்துல இருக்கிற தாத்தா, மரியாதைக்குத் தலையாட்டுற தாத்தா எல்லாருமே ஆமாம்பாங்க. "உங்க பேரு என்ன, அப்பா பேரு என்ன?"ன்னுதான் கேக்கணும், அவங்க வாயால வரணும், அத கைப்பட்டையில இருக்கிற பேரு, ஐபி (உள்நோயாளி) நம்பரோட ஒத்துப் பாக்கணும்.

சரி, இத்தனையும் செஞ்சும் மேல இருக்கிறவரு கேக்கலன்னா? இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய சிக்கல், இதுக்கு விமானக்காரங்க நிறைய விலை குடுத்துக் கத்துக்கிட்டாங்க. 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனெரிஃப் தீவு, ரன்வேயில ரெண்டு ஜம்போ ஜெட் மோதி 583 பேர் செத்தாங்க. மூடுபனி. கிளம்பிக்கிட்டிருந்த விமானத்துல இருந்த ஃப்ளைட் இன்ஜினியர், அந்த இன்னொரு விமானம் இன்னும் ரன்வேயை விட்டுப் போகலையோன்னு கேட்டிருக்காரு, கேப்டன் போயிருச்சுன்னு சொல்லிட்டு ஓட்டிட்டாரு. ரொம்ப அனுபவமான கேப்டன். அதுக்கப்புறம்தான் காக்பிட்ல சின்னவன் பேசணும் பெரியவன் கேக்கணும்னு பயிற்சியே உண்டாச்சு. ஆஸ்பத்திரிக்கு அது வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. 2005ல இங்கிலாந்துல ஒரு பொண்ணு, சைனஸ் ஆபரேஷன், சாதாரணக் கேஸு. மயக்கம் குடுத்ததும் மூச்சுக்குழாய் போக மாட்டேங்குது. மூணு சீனியர் டாக்டருங்க குழாயப் போடுறதுலயே மும்முரமா இருக்காங்க. நர்ஸ் ஒருத்தங்க தொண்டையில துளை போட்டு மூச்சு குடுக்குற செட்ட எடுத்துட்டு வந்து ரெடியா இருக்குன்னு சொல்றாங்க, அது யாரு மண்டையிலயும் ஏறல. 13 நாள் கழிச்சு அந்தப் பொண்ணு இறந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரரு ஒரு விமானி. எங்க தொழில்ல இதுக்குப் பயிற்சி இருக்கே உங்களுக்கு ஏன் இல்லைன்னு அவரு டாக்டர்கள்கிட்ட கேட்டாரு, யார் மேலயும் பழி போடாம கேட்டாரு, இன்னைக்கு உலகம் பூரா மயக்க மருந்து டாக்டர்களுக்கு அந்தக் கேஸப் பாடமா சொல்லித் தர்றாங்க.

நான் அடிக்கடி நெனைக்கிறது அந்த நர்ஸப் பத்தித்தான். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கையில செட்டும் இருக்கு. எப்படிச் சொன்னா காதுல ஏறும்ங்குறது மட்டும்தான் தெரியல. அதுக்கும் இப்ப ஒரு படிக்கட்டு சொல்லித் தர்றாங்க. முதல்ல "சார், எனக்குக் கவலையா இருக்கு". கேக்கலன்னா "சார், இது எனக்குச் சரியாப் படல". அப்பவும் கேக்கலன்னா "சார், இது பேஷண்டுக்கு ஆபத்து, நிறுத்துங்க". இந்த வார்த்தைகள யாரு சொன்னாலும் எல்லாரும் கைய எடுத்துட்டுத் திரும்பிப் பாக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும், அந்த முன்பேச்சு இல்லைன்னா நம்ம ஊர்ல மூணாவது வாக்கியம் சொல்ற நர்ஸுக்கு அடுத்த மாசம் வேற வார்டுதான்.

ஆபரேஷன் தியேட்டர்ல இந்த முன்பேச்சு ஒரு காகிதத்துலயே இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2008ல வெளியிட்ட செக்லிஸ்ட், மொத்தம் 19 விஷயம், மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம், கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம், ஆள வெளிய தள்ளுறதுக்கு முன்னாடி கொஞ்சம். சரியான ஆளா, சரியான பக்கமா, அலர்ஜி உண்டா, பஞ்சு ஊசி எண்ணிக்கை சரியா. சர்ஜன் அதுல் கவாண்டே குழு டெல்லி உட்பட எட்டு நகரத்துல இத வச்சுப் பாத்தாங்க, இறப்பு 1.5 சதவீதத்துலேருந்து 0.8க்கு வந்துச்சு, பெரிய சிக்கல்கள் 11லேருந்து 7க்கு. அதுல எனக்குப் பிடிச்ச வரி, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி தியேட்டர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் தன் பேரையும் தன் வேலையையும் சொல்லணும். இதென்ன கல்யாண வீடான்னு முதல்ல சிரிப்பாங்க. ஒரு தடவ வாயத் தொறந்து பேரு சொன்ன ஆளுக்கு ரெண்டாவது தடவ வாயத் தொறக்க பயம் குறையும். சூட்சுமம் அங்கதான் இருக்கு. டிக் அடிக்கிறதுக்காக மட்டும் டிக் அடிச்சா காகிதம் வீண், ஆபரேஷன் முடிஞ்சு டீ குடிக்கும்போது மூணு பகுதியையும் ஒரே பேனாவுல டிக் அடிக்கிற இடங்களும் உண்டு, எனக்குத் தெரியும்.

கடைசியா நீங்க, கூட இருக்கிறவங்க. நீங்களும் டீம்தான், அன்னைக்கு அந்தப் பெரியவர் சம்சாரம் வந்து சொல்லலைன்னா நான் பஸ் ஏறிப் போயிருப்பேன். நோயாளி வழக்கமா எப்படிப் பேசுவாரு எப்படித் தூங்குவாருன்னு எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும், "வழக்கமா இப்படி இருக்க மாட்டாக"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாங்க பிபி பாக்காம விட்டா திரும்பவும் சொல்லுங்க. அதே நேரம் ஒரு வேண்டுகோள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வர்ற குடும்பங்கள்ல வாப்பா இங்க படுத்திருப்பாரு, பெரிய மகன் துபாய்லேருந்து வாட்ஸ்அப்ல டாக்டர்கிட்ட பேசுவாரு, மருமகன் சென்னையிலேருந்து டூட்டி டாக்டர்கிட்ட பேசுவாரு, லாத்தா (அக்கா) நேர்ல வந்து சிஸ்டர்கிட்ட கேப்பாங்க, மூணு பேருக்கும் மூணு நேரத்துல மூணு பதில் கெடைச்சிருக்கும், ராத்திரி குடும்ப குரூப்ல சண்டை. ஒரே ஒரு ஆள வச்சுக்கங்க, அவரு கேட்டு எல்லாருக்கும் சொல்லட்டும். ஒரு சின்ன நோட்டுல தேதி போட்டு எழுதிக்கிட்டா இன்னும் நல்லது.

ரெஃபர் பண்ணும்போது அந்த நோட்டு உசுருக்குச் சமம். ராமேஸ்வரத்துலேருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரவே சுமார் 55 கிலோமீட்டர், 2022லேருந்து அங்க அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதால கொஞ்சம் பரவால்ல, அங்கேருந்தும் மதுரைக்குன்னா இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல. 108ல ஏறுன ஆளு மதுரையில இறங்கும்போது கையில இருக்கிற சீட்டுல 'மேல் சிகிச்சைக்காக'ன்னு ஒரே ஒரு வரி இருந்தா அங்க இருக்கிற டாக்டர் ஆதியிலேருந்து ஆரம்பிக்கணும். அனுப்புறவங்க போன் பண்ணிச் சொல்லணும், அது எங்க வேலை. ஆனா வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டியது: என்னென்ன ஊசி போட்டீங்க, கடைசி ஊசி எத்தனை மணிக்கு, எந்த மருந்து இவருக்கு ஒத்துக்காது, என்ன டெஸ்ட் எடுத்து ரிசல்ட் இன்னும் வரல. ஏற்கனவே வீட்டுல சாப்பிடுற மாத்திரை அட்டைகள ஒரு பையில போட்டு எடுத்துக்கங்க, பேரு தெரியலன்னாலும் பரவால்ல, அட்டையே பேசும். கர்ப்பிணின்னா தாய் சேய் அட்டை கையோட இருக்கணும்.

போன வாரம் ஒரு தாத்தா, நான் ராத்திரி ஊசி போடப் போயி "தாத்தா உங்க பேரென்ன?"ன்னு கேட்டேன், அன்னைக்கு அவர்கிட்ட ஆறாவது ஆளா நான் கேட்டிருப்பேன் போல. என்னை ஏற இறங்கப் பாத்தாரு. பேரச் சொன்னாரு, அப்பா பேரச் சொன்னாரு, தாத்தா பேரச் சொன்னாரு, ஊரச் சொன்னாரு, படகு நம்பரயும் சொல்லிட்டு "இப்பயாவது குத்துவியா இல்ல இன்னும் கேப்பியா?"ன்னாரு. "ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதா தாத்தா?"ன்னேன்.